நூல் மாற்றிய வாழ்வு

கதைகள் மட்டுமல்ல, கருத்து நூல்களும் வாழ்வை மாற்றும். 1904ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குத் தொடர்வண்டியில் புறப்பட்ட காந்தியடிகளுக்கு நண்பர் போலக் ஒரு நூலைத் தந்தார். அது ஜான் ரஸ்கின் எழுதிய பொருளியல் நூல். கையிலெடுத்தவர் கீழே வைக்கவில்லை, அன்றிரவு உறங்கவுமில்லை.

தாம் உணர்ந்தவற்றை அவர் மூன்றாகத் தொகுத்தார்: அனைவரின் நன்மையில் ஒருவரின் நன்மை அடங்கியுள்ளது; வழக்கறிஞர் தொழிலுக்கும் முடிதிருத்துநர் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே; உழைத்து வாழும் வாழ்வே வாழத்தக்கது.

அவ்வாண்டே டர்பன் அருகே ஃபீனிக்ஸ் பண்ணையை நிறுவினார். 1908இல் அந்நூலின் கருத்துகளைக் குஜராத்தியில் ‘சர்வோதயம்’ என எழுதினார்.

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் பறிக்கும் கைகளுக்கும் அம்மதிப்பு உரியது.

பயிற்சி: நீங்கள் படித்த கட்டுரை நூல் ஒன்று உங்கள் எண்ணத்தை எவ்வாறு மாற்றியது? மூன்று தொடர்களில் எழுதுக.