கடை ஓடுது, லாபம் வருதா?

சரஸ்வதி பூஜை அன்று கணக்குப் புத்தகத்தை அம்பாள் முன் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுகிறோம். நல்ல வழக்கம். அதே புத்தகத்தை ஆண்டுக்கு ஒரு நாள் திறந்து, கேள்வி கேட்டுப் படிக்கவும் வேண்டும். நான் கிள்ளானில் வீட்டிலிருந்தே சமையல் தொழில் நடத்துகிறேன். ஒவ்வொரு ஜனவரியும் நான் செய்வதைச் சிறு தொழில் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பாடமாகச் சொல்கிறேன்.

ஏன் ஜனவரி? நம்மைப் போன்ற தனி உரிமையாளர்களுக்கு வருமான வரிக் கணக்கு டிசம்பர் 31-இல் முடிகிறது. பி பாரத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வரிக்காக எப்படியும் கணக்குப் பார்க்கத்தான் போகிறோம். நமக்காகவும் பார்த்துவிடலாமே!

1. என் சம்பளம் எங்கே?

ஓர் உதாரணம். ஆண்டு விற்பனை 96,000 வெள்ளி. மளிகை, காய்கறி, இறைச்சி 52,000. கேஸ், மின்சாரம் 6,000. வேன், பெட்ரோல், டோல் 8,000. உதவியாள் கூலி 10,000. செலவு மொத்தம் 76,000. மீதி 20,000 வெள்ளி. "பரவாயில்லையே, லாபம்தான்!" என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்க. 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. ஆண்டுக்கு 20,400. அந்தச் சம்பளத்தை உங்களுக்கே போட்டுப் பார்த்தால் 400 வெள்ளி துண்டு விழுகிறது! காலை நாலு மணிக்கு எழுந்து வெங்காயம் உரிக்கும் அம்மாவின் உழைப்பு இன்னும் கணக்கிலேயே வரவில்லை. வீட்டார் சும்மா செய்வதால்தான் கடை ஓடுகிறது என்றால், அவர்களுக்கு முடியாத நாளில் கடையும் நின்றுவிடும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

2. எந்த வேலை சோறு போடுது?

விற்பனையை மொத்தமாகப் பார்க்காமல், வகை வகையாகப் பிரியுங்கள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் செலவு போக ஒரு நாளைக்கு 60 வெள்ளி நிற்குது, வேலை 6 மணி நேரம் என்று வைப்போம். மணிக்கு 10 வெள்ளி. ஒரு பிறந்தநாள் விருந்தில் 400 நிற்குது, வேலை 16 மணி நேரம். மணிக்கு 25 வெள்ளி. உடனே பொட்டலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் கைக்குக் காசு வருவது அதில்தான். விருந்துக்கு ஆள் வருவதும் அந்த ருசியை நம்பித்தான். ஆனால் விலையை ஏற்றுவதா, கறி வகையைக் குறைப்பதா என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு வேண்டும்.

3. யார் இன்னும் காசு தரணும்?

"நம்ம ஆளுங்கதானே, அப்புறம் தருவாங்க" என்று விட்டவை எல்லாவற்றையும் பெயரும் தேதியுமாக எழுதுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். புது ஆர்டருக்கு முன்பணம் பாதி என்று சொல்லிவிடுங்கள். கோயில் அன்னதானத்துக்குக் கொடுப்பதைத் தர்மம் என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். தர்மம் வேறு, வராத கடன் வேறு.

4. அடுத்த ஆண்டு எதை மாற்றுவேன்?

பத்து தீர்மானம் வேண்டாம். ஒன்றே ஒன்று, எண்ணோடும் தேதியோடும். "மார்ச் முதல் பொட்டலம் 50 காசு கூடுதல்" என்பது தீர்மானம். "இன்னும் நல்லா செய்யணும்" என்பது வெறும் ஆசை.

அக்கவுண்டன்ட் இல்லையே என்று தயங்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம், வங்கிக் கணக்கு அறிக்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். உழைப்பவர்களுக்குக் கணக்கும் தெரியணும்.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச: உங்களுக்கு மாதம் 1,700 வெள்ளி சம்பளம் போட்ட பிறகு, உங்கள் தொழிலில் மீதி எவ்வளவு?