மண்டையைத் திறவாமல் மூளைக் கட்டியின் தரம் அறிவது எப்படி?



தோட்டங்களில் நம் மூத்தோர் ரப்பர் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழும் கறையும் பார்த்து, 1 முதல் 5 வரை தரம் பிரித்ததை நாம் அறிவோம். மூளைக் கட்டிக்கும் இவ்வாறு தரம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதனை 1 முதல் 4 வரை வகுத்திருக்கிறது. ரப்பரில் ஒன்று உயர்ந்தது; இங்கோ நான்குதான் மிகக் கொடியது.

சென்ற மாதம் ஒரு நண்பர் என் கடைக்கு வந்து, "தம்பியின் மண்டையைத் திறக்காமல் தரம் பார்க்க வழியில்லையா, பாய்?" என்று கண் கலங்கினார். வழி ஓரளவு உண்டு.

எம்.ஆர்.ஐ. என்பது காந்த சக்தியால் படம் எடுக்கும் கருவி. இதற்கு அடிகோலிய லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. படம் தெளிவுபெற, 1988 முதல் கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். நமது கிந்தா ஈய லம்பங்களில் எஞ்சும் அமாங் மணலிலும் சிறிதளவு காணப்படும் உலோகமே அது.

நலமான மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் இம்மருந்தைக் கசிய விடாது. கொடிய கட்டியோ அச்சுவரைக் கெடுத்துவிடும். மருந்து கசிந்த இடம் படத்தில் வெண்மையாக ஒளிரும்.

ஆனால் ஒளிர்வதெல்லாம் கொடியதன்று. சிறுவர்களுக்கு வரும் ஒருவகை முதல் தரக் கட்டியும் ஒளிரும். சில கொடிய கட்டிகள் ஒளிர்வதேயில்லை. ஆகவே, மருந்து பாயும்போதே நொடிக்கு நொடி படமெடுத்து, கட்டியில் ஓடும் இரத்தத்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். இரத்தம் மிகுந்தால் பெரும்பாலும் தரமும் கொடியதே.

எனினும் படம் மதிப்பிடும்; தீர்ப்புச் சொல்லாது. 2021-ல் வந்த வகைப்பாட்டின்படி, பல கட்டிகளின் தரத்தை உறுதிசெய்ய உயிரணுவின் மரபுக் குறிகளையும் பார்க்க வேண்டும். அதற்குச் சிறு துண்டு சதை எடுத்தே ஆகவேண்டும். எவ்விடத்தில் எடுப்பது என்று வழிகாட்டுவதும் இப்படமே.

சிறுநீரக நோயுள்ளவர்கள் மருந்து ஏற்றுமுன் வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும். இம்மருந்துகளில் சிலவற்றால் அத்தகையோருக்குத் தோல் இறுகும் நோய் வருவது 2006-ல் தெரியவந்தது. உடலில் உலோகமோ இதயக் கருவியோ இருந்தாலும் மறைக்கலாகாது.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: "படத்தை எடுங்கள். சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமென்றால் அஞ்சி நாளைக் கடத்தாதீர்கள். சரக்கின் தரம் தெரியாமல் விலை பேசுவோமா?"