ஹவுரா கவுண்டரும் அக்கரைக் கணினியும்

ஹவுரா இரயில் நிலையத்தில் சென்னை மெயிலுக்கு முன்பதிவு செய்ய நிற்பவர், எழுத்தர் முன்னுள்ள கணினியே தமக்கு இடம் ஒதுக்குவதாக எண்ணுவது இயல்பு. உண்மையில் அக்கணினியிடம் ஒரு படுக்கையின் கணக்குக்கூட இல்லை. கணக்கு முழுவதும் ஹூக்ளி ஆற்றின் அக்கரையில், கொல்கத்தாவின் மையக் கணினியில் பேணப்பட்டு வந்தது. கவுண்டரில் இருப்பவை அதன் திரையும் விசைப்பலகையும் அச்சுப்பொறியுமே. வங்கிக் கிளையிலும் ஏறத்தாழ இதே நிலைதான் என்பதால், இவ்வமைப்பை வாடிக்கையாளர்கள் அறிந்திருப்பது பயன் தரும்.

சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய ‘இம்ப்ரெஸ்’ என்னும் முன்பதிவு முறை 1985-86இல் புதுதில்லியில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் கொல்கத்தா, மும்பை, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் எழுந்தன. ஆயினும் அவை தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. இரயில்வேயின் தகவல் முறைமை மையமான ‘கிரிஸ்’ அமைத்த ‘கான்செர்ட்’ வலையமைப்பு, 1999 ஏப்ரலில் இவ்வைந்தையும் முழுமையாக இணைத்தது. அதன் பின்னரே ஹவுராவில் நிற்பவர் சென்னையிலிருந்து திரும்பும் பயணத்திற்கும் அதே கவுண்டரில் நேரடியாக இடம் பெற முடிந்தது. இம்மையங்களில் இயங்கிய ‘வாக்ஸ்’ வகைக் கணினிகளை நுட்பவியலார் ‘மெயின்ஃபிரேம்’ என்று ஒப்புக்கொள்ளார். செய்த பணி என்னவோ அதுவே.

தொடக்ககால முனையங்களை ‘டம்ப் டெர்மினல்’ என்றனர். அவற்றுக்கு வட்டு இல்லை. எதையும் நினைவில் இருத்தா. ஆதலால் திருட்டுப் போவதற்கும் அவற்றில் ஒன்றுமில்லை. பிற்காலத்தில் பல துறைகளில் அவ்விடத்தைச் சாதாரண மேசைக் கணினி பிடித்தது. அதனுள் பழைய முனையம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்று இயங்குகிறது. நிர்வாகியின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. மேசைக் கணினிக்கு வட்டு உண்டு. பென் டிரைவ் செருகும் வாயிலும் உண்டு. ஆகவே அதனை இயன்றவரை பழைய ‘ஊமை’ முனையமாகவே வைத்திருப்பதுதான் நல்ல நிர்வாகம். வாயில்கள் அடைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் மையத்தில் தனி அடையாள எண் வேண்டும். எந்தப் பணியாளர், எந்த இயந்திரத்திலிருந்து, எப்போது என்ன பதிந்தார் என்பது மையத்திலேயே குறிக்கப்பட வேண்டும். கடவுச்சொல்லைப் பக்கத்து இருக்கையாளருக்குக் கொடுக்கும் ‘நட்பு’ இவை அனைத்தையும் வீணாக்கிவிடும்.

பழைய கணினியை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஏ.டி.எம். இயந்திரத்தைப் பாருங்கள். அதனுள்ளும் ஒரு மேசைக் கணினியே உள்ளது. விண்டோஸ் எக்ஸ்பி மென்பொருளுக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவுற்ற பின்னும் எண்ணற்ற ஏ.டி.எம்.களில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அவற்றை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றுமாறு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

மையத்தில் எல்லாவற்றையும் குவிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2021 மார்ச் 8 அன்று கொல்கத்தா ஸ்ட்ராண்டு சாலையில் இரயில்வே அலுவலகங்கள் உள்ள புதிய கோய்லாகாட் கட்டடத்தின் 13ஆம் மாடியில் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் உள்பட 9 பேர் உயிரிழந்தனர். கட்டடத்தின் மின்சாரம் நிறுத்தப்பட்டதால் கிழக்குப் பகுதியின் முன்பதிவுச் சேவையும் தடைப்பட்டது. கவுண்டர் கணினிகளில் பழுதொன்றும் இல்லை. அவற்றுக்கு விடை சொல்ல அக்கரையில்தான் எவருமில்லை.

இணைப்பு நடுவில் அறுந்தால் பதிவு என்னவாகும்? மையக் கணினி ஒரு நடவடிக்கையை முழுமையாக ஏற்கும். இன்றேல் முழுமையாகத் தள்ளும். எது நடந்ததென்று கவுண்டர் திரைக்குத் தெரியாமற்போகலாம். ஆகவே, இணைப்பு மீண்டதும் முதலில் மையத்தை வினவுவதே முறை. உடனே மறுபடியும் அட்டையைத் தேய்ப்பது இரட்டைப் பற்றில் முடியக்கூடும். இரயில்வேயும் வங்கியும் வெவ்வேறு மையங்கள் என்பதால், ஒன்றில் பற்று ஏறி மற்றொன்றில் பதிவு ஏறாதிருத்தலும் உண்டு. அட்டை தேய்த்துக் கணக்கில் பற்று ஏறியும் விற்பனையிடத்தில் உறுதிப்பாடு வராவிடில், நடவடிக்கை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. 2019 செப்டம்பர் 20 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இதனை வகுத்துள்ளது. ரொக்கம் வராத ஏ.டி.எம். நடவடிக்கைக்கும் இதே கெடுதான். இழப்பீட்டிற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வராதபோது கேட்பதற்காக, தோல்வியுற்ற நடவடிக்கையின் சீட்டையோ குறுஞ்செய்தியையோ வைத்திருங்கள்.