மல்லி விலை ஏறுவது எப்படி?

கேள்வி: பண்டங்களின் மேல் நமக்குள்ள மாயை பற்றி மார்க்ஸ் சொன்னதை எங்கள் ஊர் உதாரணத்தோடு விளக்குவீர்களா?
– ஒரு வாசகி, கொடைரோடு

பதில்: உங்களுக்குப் பக்கத்திலுள்ள நிலக்கோட்டை பூச்சந்தையே போதும். "இன்றைக்கு மல்லி ஏறிப்போச்சு" என்கிறோம். பூ தானாக ஏறுவதில்லை. விடியுமுன் மொட்டுப் பறிக்கும் பெண்களின் கூலி, தோட்டக்காரர் வாங்கிய முன்பணம், கமிஷன் கடைக் கணக்கு, முகூர்த்த நாள் தேவை என்று மனிதர்களுக்கு இடையே நடப்பதெல்லாம் மறைந்து, விலை என்பது பூவின் பிறவிக் குணம்போலத் தெரிகிறது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியின் முதல் அத்தியாயத்திலேயே மார்க்ஸ் இதைச் சொல்லிவிட்டார்.

அதே மல்லி ஆலைக்குப் போய் வாசனைச் சாறாகி, எங்கோ ஒரு நாட்டில் சென்ட் பாட்டிலுக்குள் நுழையும்போது மாயை இன்னும் தடிக்கிறது. அங்கே வாங்குபவர் காசு கொடுப்பது மணத்துக்கு மட்டுமல்ல, விளம்பரம் காட்டும் அந்தஸ்துக்கும்தான். பறித்த கை கண்ணிலேயே படாது. 2013இல் 'மதுரை மல்லி' புவிசார் குறியீடு பெற்றது நல்ல செய்தி. ஆனால் அது ஊரைத்தான் காட்டும், கூலியைக் காட்டாது.

அடுத்த முறை பூ வாங்கும்போது, பறிகூலி என்ன என்றும் கேளுங்கள்.