அப்பீல் போட்டாலும் கட்டளை நிற்கும்

புத்தூர்ப் பக்கத்துப் பெண்களுக்குத் துணையாக மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்வருகிறவள் நான். சட்டத்தரணி அல்ல, மாதர் சங்கத்துக்காரி. அங்கே போகவரத் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, அவர் அப்பீல் போட்டிட்டாராம். இனி என்ர ஓடர் செல்லாதோ?"

செல்லும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயத்தினால்தான் பலர் பேசாமல் படலையைத் திறந்து விடுகிறார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் தந்த பாதுகாப்புக் கட்டளையை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். எங்களுக்கு அது யாழ்ப்பாணத்தில்; கொழும்புக்கு அலையத் தேவையில்லை. ஆனால் மேல் நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலொழிய, மேன்முறையீடு நடக்கும் காலத்திலும் கட்டளை உயிரோடுதான் இருக்கும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். "கேஸ் மேல போயிட்டுது, நான் வரலாம்" என்று வாசலில் வந்து நிற்பவரோடு நியாயம் பேசவேண்டாம். கட்டளையின் பிரதியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள்.

இன்னொரு குழப்பம், அடித்த குற்றத்துக்கான வழக்கும் பாதுகாப்புக் கட்டளையும் ஒன்றென்று நினைப்பது. இரண்டும் வேறு வேறு கோவைகள். கணவர் குற்றவாளியாகி, ஒத்திவைத்த சிறைத்தண்டனை பெற்று, அந்தத் தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு செய்தால் அது பாதுகாப்புக் கட்டளையைத் தொடாது. தண்டனையோடு சேர்த்து நீதிமன்றம் வாங்கும் சமாதானப் பிணைமுறி அப்படியல்ல. அது குற்றத்தீர்ப்போடு பிணைந்தது. தீர்ப்பு விழுந்தால் அதுவும் ஆட்டம் காணும். அதனால் "அவரிட்ட பொண்ட் வாங்கியாச்சுது, ஓடர் எதுக்கு" என்று இருந்துவிடாதீர்கள். தனியாக விண்ணப்பியுங்கள்.

நான் பார்த்ததில் மேன்முறையீட்டின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் மல்லாகத்திலேயே முடிவாகிவிடுகிறது. மேல் நீதிமன்றம் உங்களை மறுபடி கூண்டில் ஏற்றிக் கதை கேட்பதில்லை; கீழ் நீதிமன்றத்தின் வழக்கேட்டைத்தான் வாசிக்கும். விசாரணையன்று வெட்கத்தினால் விழுங்கிய விடயம் அந்த ஏட்டில் இருக்காது. நான் கூட்டிப்போன ஒரு பிள்ளை, கழுத்தை நெரித்ததைச் சொல்லாமல் "இடைக்கிடை சண்டை" என்று மட்டும் சொல்லப் பார்த்தாள். மாமியார் பின்வாங்கில் இருந்தார். இடைவேளையில் சட்டத்தரணி அவளை வெளியே கூட்டிப்போய்ப் பேசிய பிறகுதான் திகதியோடு முழுவதும் சொன்னாள். மேன்முறையீட்டில் அவளைக் காப்பாற்றியது அந்தச் சில வரிகள்தான். ஆகவே முறைப்பாட்டு இலக்கம், வைத்தியசாலை நோய் நிர்ணய அட்டை, மிரட்டிய குரல்பதிவு எல்லாவற்றையும் விசாரணையிலேயே கொடுத்துவிடுங்கள். நீதவான் காரணங்களோடு எழுதிய கட்டளையை அசைப்பது எளிதல்ல.

கட்டளைக்கு ஆகக்கூடிய ஆயுள் 12 மாதம் என்பதையும் மறக்கவேண்டாம். மேன்முறையீடு அதைவிட நீளக்கூடும். வழக்கு மேலே கிடக்கிறது என்பதற்காகக் கட்டளை தானாக நீளாது. முடியும் திகதியைக் கலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

கட்டளை யாருக்கு எதிராகப் பிறந்ததோ அவருக்கும் ஒரு வார்த்தை. அநீதி என்று நினைத்தால் மேன்முறையீடு உங்கள் உரிமை. நீதவானின் தீர்ப்புக்கு எதிரான மனுவுக்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை தரும் காலம் 14 நாள். அதையே எல்லையாக வைத்து அன்றைக்கே சட்டத்தரணியைப் பாருங்கள். பிள்ளைகளைப் பார்க்கும் நேரம், தொழில் சாமான் எடுப்பது போன்றவைதான் சிக்கல் என்றால், நிலைமை மாறியதைக் காட்டி அதே நீதவானிடம் கட்டளையைத் திருத்தக் கேட்கலாம். பல குடும்பங்களுக்கு அதுதான் பொருத்தமான வழி.

ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்கிறேன். மேன்முறையீடு போட்டவுடன் "விட்டுக்குடு பிள்ளை, குமர்ப்பிள்ளையள் இருக்கினம்" என்று பெண்ணின் வீட்டுக்குத்தான் முதலில் போகிறீர்கள். கட்டளையை நீக்கும்படி பாதிக்கப்பட்டவளே கேட்டாலும், அது அவளுடைய சுயவிருப்பம் என்று நீதிமன்றம் திருப்திப்படவேண்டும் என்கிறது சட்டம். சட்டமே அவ்வளவு கவனமாக இருக்கும்போது நீங்கள் அவளை நெருக்குவது சரியல்ல.

மேன்முறையீட்டு அறிவித்தல் கையில் கிடைத்தால் கிழித்துப்போடவோ அலுமாரியில் ஒளிக்கவோ வேண்டாம். உங்கள் பக்கம் யாரும் வராவிட்டால் எதிர்த்தரப்பின் வாதம் மட்டுமே கேட்கும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். கோப்பாயில் பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வழிகாட்டுவார். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.