உத்தியோகம் விட்டு உபாத்தியாயராக

சிறுசேரிக் கணினி உத்தியோகத்தை விடுத்து, தாம்பரம், சேலையூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராக விழைவோர் கவனிக்க:

1. ராஜினாமாவுக்கு முன்பே பி.எட். இடத்தை நிச்சயப்படுத்துங்கள். ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்க்கன்றி ஏனையோர்க்கு அப்படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் பயில விதி இடந்தராதாகையால், 2 ஆண்டுகள் நேரில் கல்லூரி சென்றாக வேண்டும். அக்காலக் குடும்பச் செலவுக்கான திரவியத்தையும் இப்போதே சேமியுங்கள்.

2. உங்கள் பட்டம் எப்பாடத்திற்கு ஏற்கப்படும் என்பதை ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிக்கையில் பாருங்கள். பொறியியல் பட்டதாரிகளுக்கு இது மிக அவசியம்.

3. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளுக்கு, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களைச் சிரத்தையுடன் வாசியுங்கள். பாடப்பகுதி வினாக்களுக்கு முக்கிய ஆதாரம் அவையே.

4. விடுமுறை நாட்களில் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். விளங்காத முகத்தைக் கண்டு மீண்டும் பொறுமையாய்ச் சொல்லும் சுபாவம் உங்களுக்கு உண்டா என்பது அங்கே தெரியும்.