பழைய ரிக்கார்டு பிளேயரை எடைக்குப் போடும் முன்

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் முதல் நாளே மரத்தில் குழாய் கட்டி இசைத்தட்டு போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று நம் வட்டாரம் முழுவதும் மைக் செட் கடைகளுக்கு அது நல்ல தொழிலாக இருந்தது. பிறகு கேசட் வந்தது, சி.டி. வந்தது, இப்போது பென் டிரைவ். பரணில் ஏறிய ரிக்கார்டு பிளேயர்கள் வீடு மாற்றும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. அங்கே அலுமினியம் தனி, இரும்பு தனி, செம்பு தனி என்று உடைபடுகின்றன. இவற்றில் எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்பதையும், உடைக்காமல் வைத்ததை எப்படி ஓட வைப்பது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். பழைய சாமான் வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கும், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மாலை நேரத்தில் கைக்கு ஒரு வேலை தேடும் பெரியவர்களுக்கும் இது பயன்படும்.

ரிக்கார்டு பிளேயர்கள் இரண்டு வகை. ஒன்று வீட்டுக்கும் வாடகைக்கும் ஆனது. இலேசான தட்டு, சிறிய மோட்டார், கூடவே பொருத்திய கை. நம்மிடம் பெரும்பாலும் வருவது இதுவே. மற்றொன்று வானொலி நிலையத்துக்கு என்றே கணக்கிட்டுச் செய்த வகை. 1939-ம் ஆண்டு மே 16-ம் தேதி திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. 1950-ல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. நம் கடைவீதியில் காதில் விழுந்த திரைப்பாட்டுகளை அந்த நாட்களில் நிலையத்தின் இசைத்தட்டு மேடைதான் ஓட்டியது. மணிக்கணக்கில் ஓடினாலும் வேகம் மாறக் கூடாது, மோட்டாரின் அதிர்வு ஒலியில் கலக்கக் கூடாது. அதற்காகவே கனமான தட்டும் வலுவான மோட்டாரும் வைத்தார்கள். ஜெர்மனியின் ஈ.எம்.டி. 930-ம், இங்கிலாந்தின் கேரார்ட் 301-ம் இந்த வகையில் பெயர் பெற்றவை.

கேரார்ட் கம்பெனியின் பூர்வீகம் வியாபாரிகளுக்குச் சுவையானது. அது லண்டன் நகைக்கடை ஒன்றின் கிளை. முதல் உலகப் போரின்போது, 1915-ல், பீரங்கிப் படைக்குத் தூரம் அளக்கும் கருவி செய்யத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் அதே நுட்பக் கையைக் கிராமபோன் மோட்டார் பக்கம் திருப்பினார்கள். 301 மாடல் 1954-ல் விற்பனைக்கு வந்தது. அடுத்து வந்தது 401. இன்று இங்கிலாந்தின் எஸ்.எம்.இ. கம்பெனி பழைய 301-களைப் பிரித்துப் புதுப்பித்து விற்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு 301 உலகச் சந்தையில் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அடையாளம் காண்பதில் பெரிய சிக்கல், 301-க்கும் 401-க்கும் கை கிடையாது என்பதே. ஊசி பிடிக்கும் கையை வாங்குபவர் தனியாக வாங்கி, அடிப்பலகையில் தாமே பொருத்த வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆகவே பரணிலிருந்து இறக்கும்போது வெறும் மோட்டாரும் தட்டும் மட்டும் கண்ணில் படும். 'பாதி மிஷின்' என்று எடைத்தட்டில் ஏற்றிவிடுகிறோம். வார்ப்பு அலுமினியச் சட்டம், கையில் தூக்கினால் கனக்கும் தட்டு, சட்டத்தில் கேரார்ட் என்ற பெயர் இவை இருந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும்.

சரி, ஓட வைப்பது எப்படி? முதல் விதி, உடனே பிளக்கைச் சொருகக் கூடாது. வயரின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கும். அதை முழுதும் மாற்றி, சட்டத்துக்கு எர்த் கொடுக்க வேண்டும். சுவிட்சின் குறுக்கே பொறி அடக்க ஒரு கண்டென்சர் இருக்கும். அதையும் மாற்ற வேண்டும். மெயின் லைனுக்கு என்றே வரும் எக்ஸ்2 ரகத்தைக் கேட்டு வாங்கவும். 301-ல் மோட்டாருக்கு இரண்டு சுற்றுகள். 230 வோல்ட்டுக்கு அவை சீரீஸில் இருக்க வேண்டும். 110 வோல்ட் நாட்டிலிருந்து வந்ததாயின் பேரலலில் இருக்கும், அப்படியே சொருகினால் மோட்டார் கருகும். இணைப்பைப் பார்த்த பின், எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரீஸ் லைட் வழியாக முதல் கரண்ட் கொடுப்பது உத்தமம். குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள்.

அடுத்து எண்ணெய். இங்குதான் அதிகம் கெடுக்கிறார்கள். தட்டின் நடுத்தண்டு அமரும் பேரிங், தொடக்க கால 301-களில் கிரீஸ் வகை, பிந்தியவற்றில் ஆயில் வகை. ஒன்றுக்கு உரியதை மற்றதில் போடக் கூடாது. பழைய கிரீஸ் நம் ஊர் வெயிலிலும் செம்மண் தூசியிலும் மெழுகாக இறுகியிருக்கும். தண்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, புதிது வைக்க வேண்டும். மோட்டார் புஷ்களுக்கு மெல்லிய மிஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விட்ட மிஷின்களும் உண்டு. அது நாளடைவில் பிசினாகி மோட்டாரையே பிடித்து நிறுத்திவிடும்.

மோட்டார் புல்லிக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ரப்பர் விளிம்புள்ள சிறு சக்கரம் ஒன்று உண்டு. அதன் ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் 'கடகட' என்ற ஒலி பாட்டில் கேட்கும். வழுக்கினால் வேகம் குறையும். முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்க்கலாம். பள்ளம் விழுந்திருந்தால் புது ரப்பர் கட்டியே ஆக வேண்டும். சக்கரத்தின் புஷ் தேய்ந்திருந்தால் வெளியூர் தேட வேண்டியதில்லை. பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. அரமும் லேத்தும் கைபழகியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தண்டின் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்துக் கொடுத்தால் பித்தளையில் புஷ் கடைந்து தருவார்கள்.

வேகம் பார்ப்பது வியாபாரிக்குப் பிடித்த கணக்கு. 50 சைக்கிள் கரண்டில் விளக்கு வினாடிக்கு 100 முறை மின்னும், நிமிடத்துக்கு 6,000. இதை 33⅓ ஆல் வகுத்தால் 180. ஒரு வட்ட அட்டையில் 180 கோடுகள் சம இடைவெளியில் வரைந்து தட்டின் மேல் வைத்து, சோக் போட்ட டியூப் லைட் அல்லது நியான் பல்பின் கீழ் ஓட்டினால், சரியான வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்கும். 78-க்கு 77 கோடு. எல்.இ.டி. பல்புகள் பல சரியாக மின்னாது என்பதால் அதில் பார்த்து ஏமாற வேண்டாம். 301-ல் வேகத்தைத் திருத்த, மோட்டார் தண்டின் அலுமினிய வட்டை ஒரு காந்தம் சற்றே இழுத்துப் பிடிக்கும். காந்தத்தை முழுதும் விலக்கியும் வேகம் போதவில்லை என்றால் கோளாறு எங்கோ உராய்வில் இருக்கிறது. ஆனால் தட்டு நிமிடத்துக்கு 28 சுற்றை ஒட்டி நின்றுவிட்டால், அது 60 சைக்கிள் நாட்டுப் புல்லி. புல்லியை மாற்றினால்தான் தீரும்.

ஓடத் தொடங்கியதும் இசைத்தட்டைக் கவனிக்க வேண்டும். பழைய 78 தட்டு அரக்கினால் ஆனது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது மரச்சாமான் பாலிஷ் போடுபவர்களுக்குத் தெரியும். ரப்பரைத் துடைத்த அதே ஸ்பிரிட் துணியால் தட்டைத் துடைத்தால் பாட்டு போயிற்று. ஈரத்துணியும் சிறிது சோப்பு நீருமே போதும். ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனை ஆரம் 0.0007 அங்குலம், 78-க்கு 0.003 அங்குலம். நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். மெல்லிய ஊசி அகலப் பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலையே எடுக்கும்.

விற்க நினைப்போருக்கு ஒரு வார்த்தை. சட்டத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். கீறலுடன் உள்ள பழைய பூச்சையே விவரம் தெரிந்தவர் மதிப்பார். உபயோகித்த பொருள் வாங்கி விற்கும் பதிவு பெற்ற வியாபாரி, உள்ளீட்டு வரி எடுக்காமல், பொருளின் தன்மை மாறாத அளவு சில்லறை வேலை மட்டும் செய்து விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே ஜி.எஸ்.டி. கட்டலாம் என மத்திய ஜி.எஸ்.டி. விதி 32(5) இடமளிக்கிறது. பாகங்கள் அதிகம் மாற்றியிருந்தால் இது பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பாகம் பழையது, எது மாற்றியது என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுக்கவும். லாரி பார்சலில் அனுப்புவதானால் தட்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் கட்ட வேண்டும். தண்டின் மேலேயே விட்டால் அதன் கனம் வழிநெடுகக் குலுங்கி, சரிசெய்த பேரிங்கையே அடித்துவிடும். ஸ்பிரிங்கில் தொங்கும் மோட்டாரையும் அசையாதபடி அட்டை வைத்துக் கட்டிவிடவும்.